வேம்படியில் நிற்கும் லாண்ட்ரோவர்: முதலில் உப்பு, பெயின்ட் கடைசியில்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. அவருடைய அப்பப்பா ஓட்டிய லாண்ட்ரோவர், சீரிஸ் 2ஏ வகையைச் சேர்ந்த 109 அங்குல (முன் பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம்) டீசல் வண்டி, பன்னிரண்டு வருடங்களாக வீட்டு வளவில் வேம்பின் கீழ் நிற்கிறது. கதவு நிலைகளும் கால் வைக்கும் தகடுகளும் கறள் பிடித்து உதிர்கின்றன, எஞ்சின் அசையவில்லை. மணல் வீச்சால் சுத்தம் செய்து முதலில் பெயின்ட் அடித்துவிடு என்கிறார் ஒருவர். பழைய இரும்புக்குக் கொடுத்துவிடு என்கிறார் இன்னொருவர். சைக்கிளைத் தவிர வேறெதையும் கழற்றிப் பூட்டிப் பழக்கமில்லாத தான், சனி ஞாயிறுகளில், வளவிலேயே வைத்து இதை மீட்டெடுக்க முடியுமா, முடியுமென்றால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே அவருடைய கேள்வி.

முடியும் என்பதே என் பதில். ஆனால் சேஸியை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, தட்டிப் பார்த்து, அது தேறும் என்று கண்ட பிறகுதான் அந்தப் பதில் உறுதியாகும். இந்த வண்டிகளை வேலைத்தளத்திலும், பிறகு லிங்கநகரில் என் வீட்டு முற்றத்திலும் பல வருடங்களாகக் கழற்றிப் பூட்டியவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைநாட்டில் நின்ற பழைய வண்டிக்கும் நம்முடைய கடற்கரையில் நின்ற பழைய வண்டிக்கும் வைத்தியம் வேறு. அங்கே கறளை அகற்றினால் பெரும்பாலும் போதும். இங்கே கறளுக்குள் ஒளிந்திருக்கும் உப்பை வெளியேற்றாமல் செய்கிற எந்த வேலையும் அடுத்த வாடைக் காற்றோடு வீணாகிவிடும்.

தொடக்கக்காரருக்கு இந்த வண்டி ஏற்றது என்று நான் நம்புவதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1947 இல் ரோவர் கம்பனியின் மொரிஸ் வில்க்ஸ் இதைத் திட்டமிட்டபோது போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குத் தகட்டுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்தது. அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே 1948 ஏப்ரல் 30 இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டியின் உடல் பேர்மாப்ரைட் என்ற அலுமினியக் கலப்புலோகத் தகடுகளால் ஆனதாக இருந்தது. அந்த வழக்கம் உங்கள் 2ஏ வரையிலும் அதற்குப் பின்னரும் தொடர்ந்தது. பெரும்பாலான தகடுகள் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டவை. ஆதலால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டலாம். கணினி கிடையாது, சிக்கலான மின்சுற்று கிடையாது.

ஆனால் இதே அமைப்புத்தான் புதியவரை ஏமாற்றவும் செய்கிறது. வெளித்தகடு அலுமினியம் என்பதால் அது உதிர்வதில்லை. பார்க்கிறவர் வண்டி முழுசாக இருக்கிறது என்று நினைக்கிறார். அதைத் தாங்கி நிற்கும் சேஸியும், எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையில் நிற்கும் பல்க்ஹெட் என்ற இரும்புச் சுவரும் உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கும். உங்கள் வண்டியில் கால் தகடும் கதவு நிலையும் உதிர்கின்றன என்றால், அவை பல்க்ஹெட்டின் பகுதிகளே. ஆகவே பெயின்டைப் பற்றிய பேச்சை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

வண்டியில் கை வைப்பதற்கு முன் அதன் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அப்பப்பாவின் பெயரிலேயே அது இருந்தால், உரிமையை முறைப்படி மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதைக் கேட்டறிந்து அந்த வேலையைத் தொடக்கிவிடுங்கள். பிறகு புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கத்தை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். 2ஏ வகையில் அது வலது பக்க முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் சேஸிக் கொம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். கறளை வயர் பிரஷால் மெதுவாக நீக்கி, வெண்கட்டியைத் தேய்த்துப் பார்த்தால் எழுத்துகள் தெரியும். உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொம்பு உளுத்துப்போனதால் ஒட்டு வேலைக்காரர் அதை வெட்டி எறிந்துவிட்டார், பிறகு வண்டிக்கு அடையாளமே இல்லை என்று வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிரைண்டரையோ வெல்டிங்கையோ அந்த இடத்துக்கு அருகில் கொண்டுபோக விடாதீர்கள்.

இனிச் சேஸி. சீரிஸ் வண்டியின் சேஸி, சுமார் 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல மடித்து ஒட்டியது. சீனக்குடாவின் மேற்பகுதி எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். காட்டுக்குள், பல பத்தாண்டுகளாகக் கவனிப்பாரற்று, மேலெல்லாம் கறளோடு அவை இன்னும் நிற்கின்றன. காரணம் தகட்டின் கனம். கறள் கனமான தகட்டையும் மெல்லிய தகட்டையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தின்னும். தின்று முடிக்க எடுக்கும் காலம்தான் வேறு. உங்கள் சேஸியில் தின்னுவதற்கு இருப்பதோ 2 மில்லிமீற்றர் மட்டும். அதிலும் சேறும் இலைச் சருகும் பெட்டிக்குள் புகுந்து ஈரத்தைப் பிடித்துவைத்திருப்பதால் அது உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் ஒரு பொட்டு தெரியும்போது உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் போயிருக்கும்.

சோதிப்பதற்கு ஒரு சிறு சுத்தியலும் ஒரு கூர்மையான ஊசியும் போதும். வண்டியின் அடியில் போவதற்கு முன் அதை நிலத்தில் உறுதியாக நிறுத்துங்கள். உப்புவெளி மணலில் ஜக் மெல்ல மெல்லப் புதையும். பழைய ரயில் சிலிப்பர் கட்டையையோ பாலைமரப் பலகையையோ அடியில் போட்டு, அதன்மேல் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி வண்டியை ஏற்றவே கூடாது. அது எச்சரிக்கை தராமல் நொறுங்கும். பன்னிரண்டு வருடம் நின்ற வண்டியின் இருக்கைப் பெட்டிக்குள்ளும் கியர் பெட்டியின் மேலும் பாம்பு குடியிருக்கக்கூடும் என்பதால், கையை விடுவதற்கு முன் நீளத் தடியால் கிளறிப் பாருங்கள்.

சேஸியை முன்னிருந்து பின்னாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல உருக்கு மணிபோல ஒலிக்கும்; உளுத்த உருக்கு ஈரப் பலகையைத் தட்டியதுபோல மந்தமாகச் சத்தமிடும். மந்தமாகக் கேட்ட இடத்தில் ஊசியால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் வெண்கட்டியால் வட்டமிடுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை நான்கு இடங்கள்: மிகப் பின்னால் குறுக்கே போகும் சட்டம், பல்க்ஹெட்டைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், எரிபொருள் தாங்கியைச் சுமக்கும் கைகள், ஸ்பிரிங்குகள் தொங்கும் இடங்கள். இவற்றில் முதல் மூன்றும் போயிருந்தால் கவலைப்பட வேண்டாம். அவற்றைத் தனித்தனியாகப் புதிதாக வாங்கி ஒட்ட முடியும். ஆனால் நீளவாட்டில் ஓடும் இரண்டு பிரதான சட்டங்களின் அடித்தகடு அடிக்கணக்கில் போயிருந்தால், அல்லது ஸ்பிரிங் தொங்கும் இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஊசிக்கு வழிவிட்டால், அந்தச் சேஸியை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவது தொடக்கக்காரரின் வேலை அல்ல. அப்போது வேறொரு நல்ல சேஸி தேட வேண்டும். அதற்குப் பணமும் திணைக்கள அனுமதியும் இருக்கின்றனவா என்று யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சேஸி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லோரும் செய்கிற தவறு, உற்சாகத்தில் ஒரே வாரத்தில் முழு வண்டியையும் கழற்றிப் போடுவது. கழற்றுவதற்கு ஒரு வாரம் போதும். திரும்பப் பூட்டுவதற்குள் வருடங்கள் ஓடிவிடும், போல்ட்டுகள் கலந்துவிடும், எது எங்கே இருந்தது என்பது மறந்துவிடும். பாதியில் கைவிடப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை சாக்குகளுக்குள் கிடப்பவையாகவே இருக்கக் கண்டிருக்கிறேன். ஆகவே ஒரு பகுதியை எடுத்து, அதைக் கழற்றி, சுத்தம் செய்து, பூசி, பூட்டி முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் மூன்று கோணங்களில் படம் எடுத்து, போல்ட்டுகளைச் சிறு போத்தல்களில் இட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

ஸ்பனர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் போல்ட்டுகள் கெடுவது இதனால்தான். உங்கள் வண்டி அங்குல அளவுகளில் கட்டப்பட்டது. அரை அங்குலத் தலை என்பது 12.7 மில்லிமீற்றர், வீட்டிலுள்ள 13 மில்லிமீற்றர் ஸ்பனர் அதில் உட்காருவதுபோலத் தோன்றும், ஆனால் கறள் பிடித்த போல்ட்டில் அந்தச் சிறு இடைவெளி தலையின் மூலைகளைத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். அங்குல அளவு ரிங் ஸ்பனர் தொகுதி ஒன்றை நல்லதாக வாங்குங்கள். அதுவே உங்கள் முதல் செலவாக இருக்கட்டும். அசையாத போல்ட்டுக்கு டீசலையும் தன்னியக்கக் கியர் பெட்டிக்கான (ஏடிஎஃப்) எண்ணெயையும் சம அளவில் கலந்து, மூன்று நான்கு நாட்கள் காலையும் மாலையும் விட்டு ஊறவையுங்கள். பிறகு முதலில் சிறிது இறுக்கி, அதன்பிறகு தளர்த்துங்கள். பல்க்ஹெட்டைப் பிடித்திருக்கும் சில போல்ட்டுகள் எதற்கும் இணங்கா. அவற்றைக் கிரைண்டரால் வெட்டுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உதிரிப் பாகங்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தை வரை போக நேரும். போகும்போது பழைய பாகத்தையும் அதன் இலக்கத்தையும் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் 2ஏ க்கும் சீரிஸ் 3 க்கும் ஒன்றுபோலத் தோன்றும் பாகங்கள் பல உண்டு.

இப்போது உப்புக்கு வருகிறேன். என் முதல் வண்டி ஒரு 88 அங்குல லாண்ட்ரோவர். அதன் பின்சட்டத்தையும் கால் தகடுகளையும் கிரைண்டரில் வயர் பிரஷ் பூட்டிப் பளபளக்கும்வரை தேய்த்தேன். சிவப்பு ஒக்சைட் இரண்டு தரம், பச்சை பெயின்ட் இரண்டு தரம் அடித்தேன். அது புரட்டாதி. தைப்பொங்கல் வருவதற்குள் பெயின்ட் முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. நகத்தால் குத்தினால் உள்ளிருந்து பழுப்பு நீர் வந்தது. நான்கு மாத வேலை போய்விட்டதே என்று அன்று மிகவும் மனம் நொந்தேன். காரணம் பிறகுதான் விளங்கியது. கறள் தின்ற இரும்பின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத குழிகள் நிறைந்திருக்கும். கடல் காற்றின் குளோரைட் அந்தக் குழிகளின் அடியில் இருக்கும். வயர் பிரஷ் மேலே பளபளப்பாக்குமே தவிர அதை எடுக்காது. சில வேளை குழிகளை மூடி உள்ளே அடைத்தும் விடும். பெயின்ட் படலம் முற்றிலும் நீர்புகாதது அல்ல. உள்ளிருக்கும் உப்பு வெளி ஈரத்தைப் படலத்தின் ஊடாக இழுத்துக்கொள்ளும். அங்கே மீண்டும் கறள் தொடங்கும்.

ஆகவே தேய்ப்பதற்கு முன்னும் தேய்த்த பின்னும் கழுவ வேண்டும். முதலில் சேஸிப் பெட்டியின் துளைகள் வழியாக மெல்லிய நீளக் குழாயை உள்ளே செலுத்தி, சேறும் கறள் செதிலும் வெளியேறி, வரும் நீர் தெளிவாகும்வரை ஓடவிடுங்கள். உங்கள் வளவில் இது ஒரு முழுநாள் வேலையாக இருக்கும். வேகமான நீர்த் தாரையை விட நீண்ட நேரம் ஓடும் நீரே உப்பைக் கரைக்கும். அதன்பின் செதில்களைச் சுரண்டி, வயர் பிரஷால் தேய்த்து, மீண்டும் கழுவி, காயவிட்டு, அடுத்த வாரம் பாருங்கள். குழிகளில் மட்டும் புள்ளி புள்ளியாகக் கருங்கறள் திரும்பத் தெரிந்தால் அங்கே இன்னும் உப்பு இருக்கிறது என்று பொருள். மறுபடி தேய்த்துக் கழுவ வேண்டும். மூன்று சுற்றுகள் தேவைப்படலாம். கடற்கரையை ஒட்டிய கிணற்று நீர் கரிக்குமானால், கடைசிக் கழுவலுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். குழாய் நீரோ சேமித்த மழைநீரோதான் வேண்டும். கரிக்கும் நீரால் கழுவுவது எடுத்த உப்பைத் திரும்ப வைப்பதற்குச் சமம்.

கழற்றக்கூடிய சிறு இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை மிக நல்லது, உப்பையும் அதுவே வெளியே இழுக்கும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். கறள் பிடித்த பாகத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, 12 வோல்ட் பற்றறி சார்ஜரின் எதிர்முனையை அதில் பூட்டுங்கள். நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டில் பூட்டி, இரண்டும் ஒன்றோடொன்று தொடாதபடி அமிழ்த்துங்கள். முனைகளை மாற்றிப் பூட்டினால் உங்கள் பாகமே கரைந்துபோகும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகி நீரில் கலக்கும். ஐதரசன் வாயு வெளியாவதால் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும். அருகில் பீடி சிகரெட்டும் கூடாது. ஸ்பிரிங்குகளையும், பிரேக், ஸ்டீயரிங் போல்ட்டுகளையும் இந்தத் தொட்டியில் இடாதீர்கள். ஐதரசன் புகுந்தால் கடினமான உருக்கு நொறுங்கும் தன்மை பெறும். அலுமினியத்தையும் இடக்கூடாது, சோடாக் கரைசல் அதை அரித்துவிடும். நட்டுகளுக்கும் சிறு பிடிகளுக்கும் கடையில் கிடைக்கும் தென்னை வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, சோடா நீரில் அலசினாலே போதுமானது.

அலுமினியத் தகடும் இரும்பும் தொடும் இடங்களை நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். உப்பு ஈரத்தில் இந்த இரண்டு உலோகங்களும் சேர்ந்தால் ஒரு சிறு பற்றறி உருவாகி, அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கும். கதவின் அடிவிளிம்பிலும் பின்னுடலின் அடியிலும் தெரியும் வெள்ளைப் பொடி அதுதான். அத்தகைய இடத்தில் பொடியை நீக்கி, இரு பக்கமும் பூச்சுப் பூசி, நடுவில் மெல்லிய றபர்ப் பட்டி வைத்துப் பூட்டுங்கள். இரும்பு அலுமினியத்தை நேரடியாகத் தொடக்கூடாது என்பதே நோக்கம். அலுமினியத்தைத் தேய்க்க இரும்பு வயர் பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் தகட்டில் புதைந்து, பின்னர் அவையே கறள் பொட்டுகளாகும். பளபளப்பான துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகளைப் போட்டால் நல்லது என்று பலர் சொல்வார்கள். நம்முடைய உப்புக் காற்றில் அவை அலுமினியத்தை இன்னும் வேகமாக அரிக்கச் செய்யும். நாகம் (சிங்க்) பூசிய போல்ட்டுகளே இங்கே பொருத்தமானவை.

ஒட்டு வேலையைப் பற்றி என் நிலைப்பாடு உறுதியானது. சேஸியிலும் பல்க்ஹெட்டிலும் வெல்டிங்கைத் தொடக்கக்காரர் செய்யக்கூடாது. அனுபவமுள்ள ஒட்டு வேலைக்காரரை வளவுக்கு அழையுங்கள். ஆனால் அவருடைய நேரத்தில் பெரும்பகுதியை நீங்கள் மிச்சப்படுத்திக் கொடுக்கலாம். உளுத்த தகட்டை நல்ல உருக்குத் தென்படும்வரை வெட்டி எடுப்பது, சுற்றிலும் பெயின்ட் இல்லாமல் தேய்ப்பது, தடித்த அட்டையில் அளவெடுத்து 2 மில்லிமீற்றர் தகட்டில் வெட்டி வைப்பது எல்லாம் நீங்களே செய்யக்கூடியவை. கறளின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி மூடுவதற்குச் சம்மதிக்காதீர்கள். நடுவில் ஈரம் நின்று இரண்டையும் சேர்த்துத் தின்னும். வலமும் இடமும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். வெட்டுவதற்கு முன் முன்வலது ஸ்பிரிங் போல்ட்டிலிருந்து பின்னிடது ஸ்பிரிங் போல்ட் வரையும், அதற்கு எதிர்மூலையாகவும் நாடாவால் அளந்து எழுதுங்கள். ஒட்டிய பிறகும் அவை மாறாதிருக்க வேண்டும். பற்றறியைக் கழற்றிவிடுங்கள். எரிபொருள் தாங்கியை வண்டியிலிருந்து அகற்றித் தூரத்தில் வையுங்கள். வெறுமையாகத் தோன்றும் தாங்கிக்குள்ளும் ஆவி இருக்கும், அதில் ஒட்டு வைக்க முயன்றவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

எஞ்சினைத் தொடும் முன் பிரேக். ஓடத் தொடங்கும் வண்டி நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருந்தது, மூச்சில் போனால் பல வருடங்கள் கழித்து நுரையீரலைக் கெடுக்கும். நீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். இரும்புப் பிரேக் குழாய்கள் அனைத்தையும், றபர்க் குழாய்களையும், ஒவ்வொரு சில்லிலும் உள்ள சிலிண்டர்களையும், மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருப்பதை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம், இந்த ஒரு விடயத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. இவ்வண்டியின் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லிலும் பிரேக் இராது. புதுக் குழாய்க்குச் செம்பும் நிக்கலும் கலந்த வகை கிடைத்தால் அதையே போடுங்கள், அது கறள் பிடிக்காது. டொட் 3 அல்லது டொட் 4 பிரேக் திரவம் மட்டும் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சில்லிலிருந்து காற்றை வெளியேற்றிக்கொண்டு வாருங்கள். பிரேக் திரவம் பெயின்டைக் கரைக்கும் என்பதால், இந்த வேலை பெயின்டுக்கு முந்தியதாக இருப்பது இன்னொரு வகையிலும் நன்மை.

அசையாத எஞ்சினை இன்னொரு வண்டியால் இழுத்து ஓடவைக்க முயலாதீர்கள். ஒட்டிய பிஸ்டன் வளையங்கள் உடைந்து, மீட்கக்கூடியதாக இருந்த 2.25 லீற்றர் எஞ்சின் அன்றோடு முடிந்துவிடும். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் போல்ட்டுகளுக்குச் சொன்ன அதே கலவையைச் சிறிதளவு ஊற்றி, ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் ஊறவிடுங்கள். அதற்கிடையில் அடியிலுள்ள எண்ணெயை வடித்துப் பாருங்கள். முதலில் நீர் வந்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்னாலுள்ள கைப்பிடித் துளையில் ஹான்டிலை மாட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். முழுப் பலத்தையும் போடாதீர்கள். ஒரு விரல் அகலம் அசைந்த நாளில் நிறுத்திவிட்டு, மறுபடி எண்ணெய் விட்டு, அடுத்த நாள் தொடருங்கள். பொறுமைக்கு இந்த எஞ்சின் மிக நன்றாக விடையளிக்கும். பாரமான, எளிமையான, நீடித்த கட்டுமானம் அது.

அது முழுச்சுற்றுச் சுழன்ற பிறகு புது எண்ணெயும் வடிகட்டியும் போட்டு, வால்வு இடைவெளியை 0.010 அங்குலத்துக்குச் சரிசெய்யுங்கள். பழைய டீசல் முழுவதையும் வடித்துத் தாங்கியைக் கழுவுங்கள். எரிபொருள் பம்ப் ஒட்டியிருந்தால் திறக்க வேண்டாம். அதற்கென உள்ள பம்ப் பட்டறையில் கொடுங்கள். உங்கள் வகை எஞ்சினில் நான்கு ஹீட்டர் பிளக்குகளும் ஒரே தொடரில் பூட்டப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தாலும் நான்கும் சூடாகா. காலையில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினைப் பழிப்பதற்கு முன் அவற்றைப் பாருங்கள். இன்ஜெக்டரிலிருந்து பீறும் டீசலுக்கு நேரே கையை வைக்காதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே செலுத்திவிடும். முதல் தரம் ஸ்டார்ட் செய்யும்போது காற்று உறிஞ்சும் வாயை மூடுவதற்கு ஒரு தடித்த பலகையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அருகில் நிற்கட்டும். டீசல் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுத்தால் சாவியால் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

மின்கம்பிகளை எலி தின்றிருக்கும். தேறினவற்றை நிறத்தால் அடையாளம் காணலாம்: பழுப்பு பற்றறியிலிருந்து நேரே வருவது, நீலம் முன்விளக்கு, சிவப்பு சிறுவிளக்கு, கறுப்பு உடலுக்குப் போவது. ஏறக்குறைய 1967 க்கு முந்திய 2ஏ வண்டிகளில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். இன்றைய பழக்கத்தில் எதிர்முனையைப் பூட்டினால் டைனமோவும் மற்றவையும் கெடும். ஆகவே பற்றறி வைக்கும் முன் பாருங்கள்.

பெயின்டுக்கு நம் ஊரில் காலம் பார்க்க வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை மழையும், கடலிலிருந்து உப்பைச் சுமந்துவரும் வாடையும். அந்த மாதங்களில் வண்டியைத் தறப்பாளால் காற்றோட்டம் விட்டு மூடி, உள்ளே கழற்றிய சிறு பாகங்களைச் செய்யுங்கள். மாசிக்குப் பிறகு கழுவலும் ஒட்டு வேலையும். வைகாசிக்குப் பின் கச்சான் வீசத் தொடங்கினால் காற்று தரையிலிருந்து வருகிறது, வறண்டிருக்கிறது. கழுவியது விரைவில் காயும். ஆனால் அது மண்ணையும் சுமந்து வரும். ஆதலால் பனி ஈரம் காய்ந்த காலை வேளையில், காற்று எழும்புவதற்கு முன் பூசி முடிக்க வேண்டும். இரும்பின் சூடு பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் அதிகமாக இருக்க வேண்டும் என்பது விதி. கருவி இல்லாதவர் ஈரத் துணியால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது காயாவிட்டால் அன்று பூசக்கூடாது.

தேய்த்துக் கழுவிக் காய்ந்த இரும்பை இரவு முழுவதும் வெறுமையாக விடாதீர்கள். அன்றே முதல் பூச்சுப் பெற வேண்டும். சேஸிக்கு எபொக்சிப் பிரைமர் இரண்டு தரம். அதன்மேல் தடித்த மேற்பூச்சு. சிவப்பு ஒக்சைட் மட்டும் போதும் என்று நினைப்பது தவறு, அது தானாகவே ஈரத்தை உள்ளே விடும். கறள் மாற்றும் பொஸ்பாரிக் அமிலக் கரைசலை எட்டாத மூலைகளுக்கு மட்டும் பயன்படுத்தி, மிச்சத்தைக் கழுவி அகற்றுங்கள். அலுமினியத்துக்குச் சாதாரண பிரைமர் ஒட்டாது. உலோகத்தைச் சற்று அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் நீர் விட்டே தேய்த்து, முகமூடி அணிந்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மணல் வீச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கழற்றிய தடித்த இரும்புப் பாகங்களுக்கு அது நன்று. மெல்லிய அலுமினியத் தகட்டை அது நெளித்துவிடும். பூட்டியிருக்கும் வண்டியில் செய்தால் மணல் பேரிங்குகளுக்குள் புகும். கடற்கரை மணலால் செய்ய ஒருவர் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அதிலும் உப்பு, அதன் தூசி நுரையீரலுக்கும் கேடு.

பணத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள். பல்க்ஹெட்டைத் திறக்கும் நாளில் அது தேவைப்படும். எல்லாம் முடிந்து புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் என்று நகரும் காலம் வர, சனி ஞாயிறு மட்டும் செய்பவருக்கு இரண்டு கச்சான் காலங்கள் பிடிக்கும்.

சேஸியின் உட்புறத்துக்குக் கடைசிப் பாதுகாப்பு மெழுகுப் பூச்சு. உள்ளே நன்கு காய்ந்ததை உறுதிசெய்து, நீளக் குழாய் முனையால் எல்லாப் பெட்டிகளுக்குள்ளும் தெளியுங்கள். புரட்டாதி முடிவதற்குள் அது முடிந்திருக்கட்டும். பாவித்த எஞ்சின் எண்ணெயை அடியில் அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. அது றபர்ப் பாகங்களைக் கெடுக்கும், தோலுக்கும் ஆகாது, கிணற்று நீருக்கும் சேரும், ஆகவே வேண்டாம். தண்ணீர் வடியும் துளைகளை மெழுகு அடைத்துவிடாமல் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். நிலாவெளிப் பக்கம் கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்தால், அன்று இரவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், அடிப்பக்கத்தைக் குழாய் நீரால் கழுவிய பிறகு உள்ளே போங்கள்.